உங்கள் பெயரில் இன்னொருவர் புழங்காமல் இருக்க: சிம்மில் தொடங்கி பான் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் ஆதார் நகல், பான் எண், நீங்கள் கைவிட்ட ஒரு பழைய செல்பேசி எண். இந்த மூன்றும் தவறான ஆளிடம் சேர்ந்தால் உங்கள் பெயரில் சிம் வாங்கலாம், செயலிக் கடன் எடுக்கலாம், ஜிஎஸ்டி பதிவுகூடச் செய்யலாம். பணம் அவர்களுக்குப் போகும், வசூல் அழைப்பு உங்களுக்கு வரும்.

இதைத் தடுக்க இந்தியாவில் இருக்கும் வசதிகளில் பெரும்பாலானவை இலவசம். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்பவர்கள் என்று பலரோடு உட்கார்ந்து இவற்றைச் செய்து முடித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: எடுத்த எடுப்பில் ஆதாரைப் பூட்டப் போகிறார்கள். ஓடிபி வருவதில்லை. அது எந்த எண்ணுக்குப் போகிறது என்றும் தெரிவதில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள்.

ஆதாரின் சாவி சிம்மில் இருக்கிறது. மின்னஞ்சலின் சாவியும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் சிம், ஆதாரில் உள்ள எண், மின்னஞ்சல், ஆதார் பூட்டு, கடன் அறிக்கை, பான் என்று போக வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. உட்காருவதற்கு முன்

ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். ஆதார் அட்டை, பான் அட்டை, இப்போது பயன்படுத்தும் எல்லா சிம்களும் செல்பேசியும், ஒரு நோட்டுப் புத்தகம், பேனா வேண்டும். நோட்டு எதற்கென்றால், வழியில் நாலைந்து குறியீடுகள் வரும். அவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து போட்டோ கேலரியில் வைத்தால், செல்பேசி தொலையும் அன்றைக்கு எல்லாம் சேர்ந்தே தொலையும். காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள்.

உங்கள் சொந்த இணைய இணைப்பில் செய்யுங்கள். அரசுத் தளங்களின் முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணையும் தேடுபொறியில் எடுக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்தான் சரியான எண்.

2. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது

தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்துக்குப் போங்கள். செயலியும் இருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளை அறியும் பகுதியில் செல்பேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியை இட்டால் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6.

பட்டியலில் தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் அல்ல' என்று தெரிவிக்கலாம். நிறுவனம் மறுசரிபார்ப்பு செய்து இணைப்பைத் துண்டிக்கும். அவசரப்பட்டுச் செய்யும் தவறும் இங்கேதான் நடக்கிறது. மகளுக்கோ அப்பாவுக்கோ உங்கள் ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம்மும் இந்தப் பட்டியலில் இருக்கும். எண்ணை அடையாளம் தெரியாமல் அழுத்திவிட்டால், வீட்டில் ஒருவர் வங்கியில் கொடுத்திருக்கும் செல்பேசி எண் செத்துப்போகும். முதலில் வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். நீங்களே வாங்கி இப்போது வேண்டாம் என்று நினைக்கும் எண்ணுக்கு 'தேவையில்லை' என்ற தனித் தேர்வு இருக்கிறது.

அடுத்தது சிம் பின். செல்பேசி அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் சிம் பூட்டு இருக்கும். அதைப் போட்டுவிட்டால், திருடியவர் உங்கள் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டாலும் பின் இல்லாமல் ஓடிபி வாங்க முடியாது. மூன்று முறை தவறாக இட்டால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே என்ற குறியீட்டைக் கேட்கும். அதனால் நோட்டில் எழுதிவிட்டு மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கான 6 இலக்கப் பின்னையும் இதே மூச்சில் போட்டுவிடுங்கள். உங்கள் கணக்கைப் பிடித்து உங்கள் அண்ணனிடம் "அவசரமாக இருபதாயிரம் அனுப்பு" என்று கேட்பதும் அடையாளத் திருட்டுதான்.

பக்கத்தில் இருப்பவருக்கு சிக்னல் இருந்து, அதே நிறுவனத்தின் உங்கள் சிம்முக்கு மட்டும் திடீரென்று இல்லாமல் போனால் காத்திருக்காதீர்கள். யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வேறொரு செல்பேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். மாற்று சிம் கொடுத்த முதல் 24 மணி நேரத்துக்கு அதில் எஸ்எம்எஸ் வராதபடி விதி இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

3. ஆதாரில் எந்த எண் இருக்கிறது

என் அத்தைக்கு ஆதார் பூட்டப் போனபோது ஓடிபி வரவே இல்லை.

"ஆதார் எடுக்கும்போது எந்த நம்பர் குடுத்தீங்க அத்தை?"

"அப்போ மாமா வெச்சிருந்த நம்பர்தான்ப்பா. அது ரீசார்ஜ் பண்ணாம விட்டே நாலு வருஷம் ஆச்சே."

அந்த எண்ணை அழைத்தேன். முன்பின் தெரியாத ஒருவர் எடுத்தார். அவர்மேல் தப்பில்லை, புது சிம்மாக வாங்கியிருக்கிறார். பயன்பாடின்றித் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் நடைமுறை. அன்றுவரை அத்தையின் ஆதார் ஓடிபி எல்லாம் அந்த மனிதருக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கும். அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இதை ஓடிபி இல்லாமலே பார்க்கலாம். 'மைஆதார்' தளத்தில் உள்நுழையாமல், ஆதார் செல்லுபடியைச் சரிபார்க்கும் பகுதியில் 12 இலக்க எண்ணைக் கொடுங்கள். வயது வரம்பு, மாநிலம் ஆகியவற்றோடு, இணைந்துள்ள செல்பேசியின் கடைசி மூன்று இலக்கங்களையும் காட்டும். உங்கள் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு ஆதார் சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். செல்பேசி எண்ணை மட்டும் மாற்றச் சான்று ஆவணம் எதுவும் தேவையில்லை, நீங்கள் நேரில் போனால் போதும். மின்னஞ்சல் முகவரியையும் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பயன் 6-வது படியில் வரும்.

வங்கி, வருமான வரித் தளம், பிஎஃப் கணக்கு ஆகியவற்றிலும் அந்தப் பழைய எண் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிய பிறகுதான் அந்த சிம்மை விட வேண்டும்.

4. மின்னஞ்சல்

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் எல்லாத் தளங்களும் மின்னஞ்சலுக்குத்தான் இணைப்பை அனுப்புகின்றன. அதனால் இதற்கு மட்டுமாவது வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒரு கடவுச்சொல் வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். மீட்பு எண்ணாகப் பழைய சிம் இருந்தால் மாற்றுங்கள். தரப்படும் அவசரக் குறியீடுகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று: அமைப்புகளில், வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை உள்ளே புகுந்தவர் அதை வைத்துவிட்டால், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அஞ்சல்கள் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம், அனுப்பிய அஞ்சல்களில் 'ஆதார்', 'பான்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடிப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பித்தபோது, வீடு பார்த்தபோது, காப்பீடு எடுத்தபோது அனுப்பிய நகல்கள் வரிசையாக வந்து நிற்கும். தேவையில்லாதவற்றை நீக்கி, குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள். அந்த அஞ்சல் போய்ச் சேர்ந்தவர் கையில் இருப்பதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம் பெட்டி உடைபட்டால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது.

5. கைரேகையைப் பூட்டுவது

இந்தப் படிக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். ஏன் என்று புரிந்தால்தான் நாளைக்கு ரேஷன் கடையில் குழப்பம் வராது.

ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில் மூன்றே மூன்று கேட்பார்கள்: வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை. ஓடிபி கிடையாது, பின் கிடையாது. கிராமத்தில் வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் முதியவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்துப் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. கடவுச்சொல் போல ரேகையை மாற்ற முடியாது. பூட்டத்தான் முடியும்.

மைஆதார் தளத்தில் ஆதார் எண், ஓடிபி கொடுத்து உள்ளே போங்கள். பயோமெட்ரிக் பூட்டு என்ற பகுதியைத் திறந்து, ஒப்புதல் கட்டத்தில் குறியிட்டு அடுத்ததை அழுத்துங்கள். வேலை முடிந்தது. இனி உங்கள் கைரேகை, கருவிழி, முகம் மூன்றாலும் யாரும் ஆதார் சரிபார்ப்பு செய்ய முடியாது. ஓடிபி மூலம் நடக்கும் வேலைகள் நிற்காது.

எதெல்லாம் நிற்கும்? ரேஷன் கடையில் ரேகை வைத்தால் தோல்வி காட்டும். ஓய்வூதியத்துக்கான டிஜிட்டல் வாழ்நாள் சான்று, ரேகை வைத்து வாங்கும் புது சிம், பத்திரப்பதிவு அலுவலகச் சரிபார்ப்பு எல்லாம் அப்படித்தான். போவதற்கு முன் அதே பக்கத்தில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சில நிமிடங்களில் அது தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால் வரிசையில் உங்கள் முறை வரும்போது திறந்தால் போதும்.

அம்மா அப்பாவுக்குப் பூட்டிக் கொடுத்துவிட்டு, திறக்கும் முறையைச் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. அடுத்த மாதம் கடையில் "ரேகை விழலைம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூட்டும் அன்றே அவர்கள் கையாலேயே இரண்டு முறை திறக்க வையுங்கள். ஓடிபி பார்த்துத் தட்டத் தெரியாதவராக இருந்தால், வீட்டில் யார் திறந்து கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டுப் பூட்டுங்கள்.

ஆதார் எண்ணையே பூட்டும் இன்னொரு வசதியும் இருக்கிறது. அதைப் போட்டால் 12 இலக்க எண்ணால் எந்தச் சரிபார்ப்பும் நடக்காது. 16 இலக்க மெய்நிகர் எண்ணான விஐடி-தான் செல்லும். திறக்கவும் அந்த விஐடி வேண்டும். நான் இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. விஐடியை எழுதி வைக்காமல் பூட்டிவிட்டு, அவசர வேலையில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் ஏற்கெனவே தவறாகப் பயன்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் மட்டும் போடுங்கள்.

6. யார் சரிபார்த்தார்கள் என்று பார்ப்பது

அதே தளத்தில் சரிபார்ப்பு வரலாறு இருக்கிறது. கடந்த 6 மாதங்களில் எந்த நிறுவனம், எந்த நாளில், ஓடிபியா ரேகையா, வெற்றியா தோல்வியா என்று காட்டும். நீங்கள் ரேகை வைக்காத நாளில் ரேகைச் சரிபார்ப்பு இருந்தால், தோல்வி என்று இருந்தாலும் விடாதீர்கள். யாரோ முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். 1947 என்ற எண்ணில் ஆதார் உதவி மையத்தை அழைத்துப் புகார் பதியுங்கள். ஆதாரில் மின்னஞ்சல் சேர்த்திருந்தால், ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் அறிவிப்பு அஞ்சல் வரும்.

7. நகல் கொடுக்கும் இடம்

மேலே சொன்ன பூட்டுகளை எல்லாம் போட்டுவிட்டு, முழு ஆதார் படத்தைக் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தால் பாதிப் பயன்தான்.

மைஆதாரில் மின் ஆதார் இறக்கும்போது, மறைக்கப்பட்ட ஆதார் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும். விடுதி அறை, வாடகை வீடு, அலுவலக நுழைவு போன்றவற்றுக்கு முதலில் இதைத்தான் நீட்டுங்கள். முழு எண்தான் வேண்டும் என்று சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. இது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் என்பதால் அந்தக் கோப்பைப் பூட்டிய கோப்பு என்று நம்பாதீர்கள்.

ஒருமுறை ஒரு பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கப் போனேன். கடைக்காரர் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை மின் ஆதார் கோப்புகள், பான் அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பள்ளிச் சேர்க்கைக்காக ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். எனக்கு முன் வந்தவரின் வாட்ஸ்அப் வெப் இன்னும் திறந்தே இருந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, நாளெல்லாம் கூட்டம், அழிக்க நேரமில்லை. ஆனால் அந்தக் கணினியைத் தொடும் அத்தனை பேருக்கும் அந்தக் கோப்புறை திறந்தே கிடக்கிறது.

அதனால் அச்சு முடிந்ததும் கோப்பையும், மறுசுழற்சித் தொட்டியில் இருப்பதையும் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இணைந்த கருவிகள் பகுதிக்குப் போய் வெளியேறுங்கள். "ஒரு நிமிஷம் அண்ணா, இதை டெலீட் பண்ணிடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஜெராக்ஸ் நகல் கொடுக்கும்போது, யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுதி, எழுத்து அட்டையின் படத்தைத் தொட்டுக்கொண்டு போகும்படி குறுக்கே கையெழுத்திடுங்கள். ஓரமாக எழுதினால் மடித்து மறைத்து மறு நகல் எடுத்துவிடலாம். சரியாக வராத நகலைக் கடையின் குப்பையில் போடாமல் வாங்கிவந்து கிழித்துப் போடுங்கள்.

8. கடன் அறிக்கை

உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அறிய நம்பகமான வழி, உங்கள் கடன் வரலாறு பதிவாகும் இந்த அறிக்கைதான். இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்து எடுத்தால், ஆண்டு முழுவதும் செலவில்லாமல் கண்காணிக்கலாம். சொந்த அறிக்கையைப் பார்ப்பதால் அதில் உள்ள கடன் மதிப்பெண் குறையாது.

அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். மாதச் சந்தாத் திட்டங்கள் பெரிதாகவும் இலவச இணைப்பு சிறிதாகவும் இருக்கும். பொறுமையாகத் தேடுங்கள். "மதிப்பெண் இலவசம்" என்று அழைக்கும் கண்ட செயலிகளில் பான் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தொடர்பு விவரங்கள். ஏனென்றால் உங்கள் பெயரில் கடன் கேட்பவர் தன்னுடைய எண்ணைத்தான் கொடுப்பார், ஓடிபி அவருக்குப் போக வேண்டுமே. உடன் வேலை செய்யும் ஒருவரின் அறிக்கையில் மூன்று செல்பேசி எண்கள் இருந்தன. இரண்டு அவருடையவை. மூன்றாவதை அவர் பார்த்ததே இல்லை. மின்னஞ்சல் பகுதியில் அவர் பெயரோடு தொடர்பில்லாத ஒரு முகவரி. அதற்குப் பிறகு விசாரணைகள் பகுதிக்குப் போனோம். ஒரே வாரத்தில் நான்கு நிறுவனங்கள் அவருடைய அறிக்கையைக் கேட்டிருந்தன. கணக்குகள் பகுதியில் இன்னும் எதுவும் வரவில்லை. கடன் வெளியே போகும் முன்பே நான்கு இடத்துக்கும் எழுதி நிறுத்த முடிந்தது.

தொடர்பு விவரம், விசாரணைகள், கணக்குகள். இந்த வரிசையில் படியுங்கள்.

தெரியாத கடன் இருந்தால் தகவல் நிறுவனத்திடம் மறுப்பு பதியுங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தனியாக எழுதுங்கள். விண்ணப்பத்தின் நகல், கொடுக்கப்பட்ட ஆவணங்கள், பணம் போன வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதுதான் உங்கள் வலுவான வாதம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

"சின்னத் தொகைதானே, கட்டிவிட்டால் தொல்லை தீரும்" என்று வசூல் ஆள் சொல்வார். கட்டாதீர்கள். ஒரு ரூபாய் கட்டினாலும் அந்தக் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகத்தான் அவர்கள் காட்டுவார்கள்.

9. பான்

இது சீக்கிரம் முடியும். வருமான வரித் தளத்தில் உள்நுழைந்து ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும், வரிப் பிடித்தங்களைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் பாருங்கள். நீங்கள் வாங்காத சம்பளம், வைக்காத வைப்பு நிதி, விற்காத சொத்து இருந்தால் பானை யாரோ பயன்படுத்தியிருக்கலாம். ஏஐஎஸ்ஸில் அந்தந்த வரிக்கு நேராகவே கருத்து பதியும் வசதி இருக்கிறது.

அடுத்து ஜிஎஸ்டி தளத்தில், பான் எண்ணை வைத்து வரி செலுத்துபவரைத் தேடும் பகுதியில் உங்கள் எண்ணை இடுங்கள். தொழிலே செய்யாதவருக்கு அங்கே ஒரு ஜிஎஸ்டி எண் வந்தால், உங்கள் பெயரில் போலி நிறுவனம் நடக்கிறது. அதன் வரி நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வரும் முன் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும் காவல் துறையிலும் புகார் கொடுங்கள்.

10. ஏற்கெனவே நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை, அட்டையை முடக்குங்கள். அடுத்த அழைப்பு, சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930. பணம் வேறு கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்திவைக்கத்தான் அந்த எண் இருக்கிறது, அதனால் காவல் நிலையத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள். வீட்டில் சொல்லத் தயங்கி மறுநாள்வரை வைத்திருந்தவர்களுக்குத்தான் அதிகம் போயிருக்கிறது.

பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தில் பதிந்து, ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணோடு வங்கிக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்லாத மின்னணு மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. நாள் தள்ளத் தள்ள உங்கள் பங்கு கூடும். தொலைபேசியில் சொன்னேன் என்பது பின்னால் நிற்காது, புகார் எண் வேண்டும்.

பணம் போகாமல் பெயர் மட்டும் பயன்பட்டிருந்தாலும் புகார் கொடுக்கலாம். பிறரின் அடையாளத்தை மின்னணு முறையில் மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம். 3 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் உடனே போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். கடன் நிறுவனம், தகவல் நிறுவனம், வங்கி மூன்றுமே அடுத்து அதைத்தான் கேட்கும்.

அட்டையோ செல்பேசியோ தொலைந்திருந்தால், திருட்டு நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே சிம்மை முடக்கி, தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் தொலைந்த ஆவணப் புகாரைப் பதிந்து, தேதியோடு அச்செடுத்து வையுங்கள். மாற்று சிம் வந்ததும், புகார் நகலை வைத்து சஞ்சார் சாத்தியில் அந்தக் கருவியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் முடக்கலாம். பிறகு உங்கள் பெயரில் ஏதாவது நடந்தால், அட்டை அந்தத் தேதியிலிருந்து உங்கள் கையில் இல்லை என்று காட்ட அந்த ஒரு தாள் போதும்.